இலையா, எலையா?
அரிச்சுவடிகளைப் பற்றி ஒரு விமரிசனம்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் வீடுகளில் இன்று ஒரு விசித்திரமான நிலைமை இருக்கிறது. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பாட்டியோடு சண்டை போடுகிற அளவுக்கு நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் அதே பாட்டி எழுதி வைத்த மளிகைச் சீட்டை வாசிக்கச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் சுமார் 6 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 52 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், புதுச்சேரியையும் சேர்த்து, தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். இந்த 52 லட்சத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டியாவது படிக்கும் என்பதுதான் நம் சங்கங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும், மும்பை மாநகராட்சி தாராவி போன்ற இடங்களில் நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளும் செய்கிற தொண்டு பெரிது. ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. பெரும்பாலான ஊர்களில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கிடைப்பது இரண்டு வழியாகத்தான். ஒன்று, சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இன்னொன்று, ஊருக்குப் போய் வரும்போது அப்பா வாங்கி வருகிற அரிச்சுவடி. வகுப்பிலும் பாடபுஸ்தகம் பெரும்பாலும் அந்த அரிச்சுவடியே. ஆகவே அந்தச் சின்னப் புஸ்தகத்தை ஒரு இலக்கிய நூலைப் போலவே எடுத்துவைத்து விமரிசனம் செய்வது தகும் என்று நினைக்கிறேன். காவியங்களுக்கு உரை எழுத ஆள் இருக்கிறார்கள். அரிச்சுவடியை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. காவியத்துக்குப் போகிற வாசற்படி அதுதானே!

நான் புலவர் பட்டம் பெற்றவனல்ல, பாத்திர வியாபாரி. சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குகிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தில் நாலைந்து அரிச்சுவடிகளைத் தட்டிப் பார்த்ததில் கேட்ட ஓசையை இங்கே எழுதுகிறேன்.

திண்ணையில் இருந்தது, புஸ்தகத்தில் இல்லாதது

பள்ளி என்ற சொல் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பெயராக இருந்தது, அவர்கள் அங்கே பிள்ளைகளுக்குக் கல்வி சொல்லிக்கொடுத்ததால்தான் பள்ளிக்கூடம் என்ற வழக்கு வந்தது என்று மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் விளக்கியிருக்கிறார். இதை எங்கள் வகுப்பாரின் பெருமைக்காகச் சொல்லவில்லை. எழுத்துக் கற்பித்தல் இந்த நாட்டில் நேற்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த காரியமல்ல என்று காட்டத்தான் சொல்கிறேன்.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே உரக்கச் சொன்னான். கை, கண், காது, வாய் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஒரே வாத்தியார், ஐம்பது பிள்ளைகள் என்றாலும் சமாளித்தார்கள். சட்டாம்பிள்ளையும், முன்னே படித்த பையன்களும் பின்னே வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து முழுக்க அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது.

திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் பிரம்பையும், கோதண்டத்தில் தொங்கவிட்ட தண்டனையையும், அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் கீழே நின்ற சாதிகளையும், வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பெண்பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் கற்பிக்கும் உத்தி என்ற மட்டில், உரக்கச் சொல்லி மணலில் எழுதுவதும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உயர்ந்த சரக்கு. அச்சடித்த அரிச்சுவடி இந்த இரண்டையும் விட்டுவிட்டு, எழுத்துகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டது. விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டோம்.

247 என்ற பூச்சாண்டி

“ஹிந்தியில் ஐம்பது எழுத்துக்குள், இங்கிலீஷில் 26. தமிழில் 247 எழுத்தா? பிள்ளை எங்கே படிப்பான்!” என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அரிச்சுவடியின் பின் அட்டையில் போடுகிற பெரிய கட்டத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்கே மயக்கம் வரும்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் பவணந்தி முனிவர் நன்னூலில் முதல் எழுத்து என்று சொன்னது உயிரும் மெய்யும் சேர்ந்த 30 மட்டுமே. உயிர்மெய்யைச் சார்பெழுத்தில் சேர்த்தார். வடிவத்தை மட்டும் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அந்த 30-உம் ஆய்தமும் சேர்ந்து 31. புள்ளி ஒன்று. கால், கொக்கி, சுழித்த கொக்கி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஆறு குறிகள். ஒகரமும் ஓகாரமும் கொம்பும் காலும் சேர்ந்தவை. ஔகாரத்தில் வரும் பின்பாதி ளகரத்தின் வடிவம்தான். ஆகப் புதுச் சரக்கு 38. இவற்றுக்கு அடங்காமல் முரண்டு பிடிப்பவை உகர, ஊகார வரிசைகள். அவை 36. மொத்தம் 74.

இந்த 36-லும் ஒழுங்கு இல்லாமல் இல்லை. உகர வரிசையை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழே நேராகக் கோடு இறங்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து சுற்றுபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே இறங்கி வலப்பக்கம் ஏறுபவை. இப்படிக் குடும்பம் குடும்பமாகக் காட்டினால் பிள்ளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறது. நான் பார்த்த அரிச்சுவடி எதிலும் இந்தப் பிரிவு இல்லை. கு, ஙு, சு, ஞு என்று நெடுங்கணக்கு வரிசையிலேயே கொட்டி வைத்திருக்கிறார்கள். கடையில் டம்ளரையும் குத்துவிளக்கையும் வந்த தேதிப்படி அடுக்கி வைத்தால் வாங்க வருகிறவன் என்ன செய்வான்?

மேலும், 247-ஐயும் ஒரே விலைக்கு விற்கிறார்கள். ஙகர வரிசையில் ‘ங்’ அன்றாடம் வேண்டும். ங, ஙா, ஙி, ஙீ என்ற மற்றவை பிள்ளை படிக்கப்போகிற எந்தக் கதையிலும் வரப்போவதில்லை. ஆத்திசூடியில் ஙகரத்துக்கு ஒரு வரி உண்டு, அதற்காக ஒரு நாள் காட்டினால் போதும். பத்து நாள் வீட்டுப்பாடம் எதற்கு? இன்னொரு பக்கம், ராஜேஷ், ஹரிணி, ஸ்வாதி என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறார்கள். தன் பெயரை எழுதத்தான் பிள்ளை முதலில் ஆசைப்படும். அந்த ஆசையை ஒரு வருஷம் காக்க வைப்பது நியாயமில்லை.

ஒன்று மட்டும் நன்மையாக நடந்தது. பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935 முதல் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் லை, ளை, ணை, னை எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற தனி வடிவம், றா, னா, ணா எழுத்துகளுக்குத் தனிச் சுழி என்று சுமை இன்னும் கூடுதலாக இருந்தது. தாத்தா பாட்டிகள் இன்றும் பழைய வடிவத்தில் எழுதினால் பிள்ளை குழம்பும். வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஏழு எழுத்து முதலீடு

வியாபாரி பாஷையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளையிடம் ஏழு வடிவங்களை மட்டும் முதலீடாகக் கொடுப்போம். அரிச்சுவடி வரிசைப்படி கொடுத்தால் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ. இவற்றைக் கொண்டு வீட்டில் புழங்குகிற சொல் எத்தனை படிக்க முடியும்? பறக்கிற ஈ ஒன்றுதான். ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூலார் கணக்குக் கொடுத்திருக்கிறாரே என்று புலவர்கள் கேட்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது உதவாது.

இப்போது வேறு ஏழு. அ, ஆ, ட, ப, ம, புள்ளி, கால். இவற்றைக் கொண்டு அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், பட்டம், மாடம், அப்பம், ஆப்பம், ஆட்டம், ஆமாம் என்று பன்னிரண்டு சொற்களை முதல் மாதத்திலேயே படித்துவிடலாம். ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோட்டில் எழுதுகிற எழுத்துகள். சின்ன விரலுக்குச் சுலபம். அதே முதலீடு, பன்னிரண்டு மடங்கு வரவு!

இது என் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990-களில் தமிழ்நாட்டில் நடந்த அறிவொளி இயக்கத்தில் வயது வந்தவர்களுக்கான முதல் பாடமே ‘பட்டா, படி’ என்றுதான் தொடங்கியது. நிலத்துக்குப் பட்டா வேண்டிய ஏழை விவசாயிக்கும் அவர் மனைவிக்கும் அந்தச் சொல்லில் உயிர் இருந்தது. எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் கை தானாக எழுதும். நம் பிள்ளைகளுக்குப் பட்டா தேவையில்லை, பட்டம் போதும்.

இலையும் எலையும்

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன். அ – அம்மா, ஆ – ஆடு, இ – இலை, ஈ – ஈ, உ – உரல், ஊ – ஊஞ்சல் என்ற வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வரிசையில் ‘இலை’ படத்தைப் பிள்ளைக்குக் காட்டி, “இது என்ன கண்ணு?” என்று கேளுங்கள். “எலை” என்று சொல்லும். உரலைக் காட்டினால், அதை அடையாளம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், “ஒரலு” என்று சொல்லும். இகரத்தைக் கற்பிக்க வந்த படம் எகரத்தைக் கற்பிக்கிறது. உகரத்தைக் கற்பிக்க வந்த படம் ஒகரத்தைக் கற்பிக்கிறது. ஓசைக்கும் எழுத்துக்கும் உறவு உண்டு என்று பிள்ளை நம்பத் தொடங்குகிற மூன்றாம் நாளே அந்த நம்பிக்கையில் மண் விழுகிறது.

“அது கொச்சை. திருத்தத்தானே பாடம்?” என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். இது கண்டபடி சிதைந்த கொச்சை அல்ல, ஒழுங்கான விதிக்கு உட்பட்டது. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இடம் எடமாகிறது, விலை வெலையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, குடம் கொடமாகிறது, புகை பொகையாகிறது. ஆனால் இட்லி இட்லிதான். இஞ்சி இஞ்சிதான். உப்பு உப்புதான், புளி புளிதான். கல்லாத பாட்டியும் இந்த விதியில் தவறு செய்வதில்லை.

ஆகவே பேச்சைத் திருத்துவதா, புஸ்தகத்தைத் திருத்துவதா என்றால், முதல் வருஷத்துக்குப் புஸ்தகத்தைத் திருத்துவதே நல்லது. இ – இட்லி, உ – உப்பு என்று வைத்தால் பிள்ளையின் வாயும் எழுத்தும் ஒரே பக்கம் நிற்கும். இலையும் விலையும் குடமும் இரண்டாம் கட்டம். அப்போது, “வாயால் எலைன்னு சொல்வோம், கையால் இலைன்னு எழுதுவோம்” என்று விதியாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம். பிள்ளைகள் விதியை விளையாட்டைப் போல ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன்னாலேயே ‘எலை’ என்று எழுதிய நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டால், அந்தக் கோடு விழுவது பிள்ளையின் பாட்டி பேசுகிற தமிழின் மேல். “நம்ம வீட்டுத் தமிழ் தப்பு” என்று ஆறு வயதில் ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டால், பிறகு எந்தச் சங்கமும் அதை மீட்க முடியாது.

படங்களிலும் இதே கவனக்குறைவு. ஐ – ஐவர் என்று ஐந்து ஆட்களை வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் ஐவர் என்று சொல்லாது, “அஞ்சு பேர்” என்றுதான் சொல்லும். எலிப் படத்தைப் பார்த்து நாகபுரியில் வளர்கிற பிள்ளை ‘சூஹா’ என்றால் அதற்காகக் கோபித்துக்கொள்ள முடியுமா? படம் என்பது பிள்ளையின் வாயிலிருந்து குறிப்பிட்ட ஒரு சொல்லை வரவழைக்க வேண்டும். வரவழைக்காத படம் வெறும் அலங்காரம்.

இகண்ணும் இல்லன்னாவும்

சொல்லிக்கொடுக்கும் முறையிலும் ஒரு பழைய சங்கடம் இருக்கிறது. க் என்பதை ‘இக்’ என்றும், ல் என்பதை ‘இல்’ என்றும் சொல்லிப் பழக்குகிறோம். தனி மெய்யை உச்சரிக்க முடியாது, அதனால் முன்னால் ஓர் இகரம் சேர்த்தார்கள். நெடுங்கணக்கு ஒப்பிக்க அது சரி. ஆனால் பிள்ளை ‘பால்’ என்பதைக் கூட்டிப் படிக்கும்போது “பா… இல்” என்கிறது. ‘கண்’ என்பது “க… இண்” ஆகிறது. எழுத்தெல்லாம் தெரியும், சொல் மட்டும் வராது. இதற்கு மருந்து எளிது. கண், பல், கால், பால், மண், மீன் என்ற சின்னச் சொற்களை ஒரே மூச்சில் முழுசாகக் காட்டி, ‘கா, கால், பா, பால்’ என்று சோடி சோடியாகச் சொல்லவைத்தால் புள்ளியின் வேலை தானாக விளங்கும்.

ஹிந்தி தெரிந்த பிள்ளை தடையா, துணையா?

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் எழுத்தைப் பார்க்கும் முன்பே தேவநாகரியையோ வங்காள எழுத்தையோ கற்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அச்சாகும் அரிச்சுவடிக்கு இது தெரியாது. அதற்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் நமக்கு இது பெரிய மூலதனம்.

கி என்று சொல்லும்போது தேவநாகரியில் குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது. ஆகவே தமிழில் கெ, கே, கை எழுத்துகளுக்குக் கொம்பு முன்னால் வருவது ஹிந்தி படித்த பிள்ளைக்கு அதிசயமில்லை. கொல்கத்தாவில் வளர்கிற பிள்ளைக்கு இன்னும் சுலபம். வங்காளத்தில் ஓகாரக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும், நம் ‘கோ’ மாதிரியே. “உனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்” என்று சொல்லித் தொடங்கினால் பாதிப் பயம் போய்விடும். கூட்டெழுத்துத் தொல்லையும் தமிழில் இல்லை, புள்ளி வைத்தால் தீர்ந்தது.

சிக்கல் வருகிற இடங்கள் வேறு. ஹிந்தியில் எகரக் குறிலும் ஒகரக் குறிலும் தனி எழுத்தாக இல்லை. அதனால் எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டைக் கூடுதலாகப் பழக்க வேண்டும். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ண, ன மூன்றையும் நிதானமாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் வல்லினம். ஹிந்தியில் ககரத்துக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றுதான். பிள்ளை கேட்கிற கேள்வி நியாயமானது: “இதை எப்படிப் படிப்பேன்?”

இதற்கு அரிச்சுவடிகள் பதில் சொல்வதே இல்லை. பதில் மூன்று வரிதான். சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வல்லோசை. ங், ஞ், ண், ந், ம் என்ற இன எழுத்துக்குப் பின்னால் வந்தால் மெல்லிய ஓசை. இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தாலும் இளகிய ஓசை. பட்டு, பண்டம், படம். பத்து, பந்து, பதில். அக்கா, தங்கம், அகல். ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று சொல் வாசித்துக் காட்டினால் போதும், பிள்ளையின் காதுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும். பிறமொழிப் பெயர்கள் மட்டும் இதற்கு அடங்காது. காந்தியையும் பாபுவையும் நாம் எழுதுகிற மாதிரி வாசித்தால் வேறு ஆளாகிவிடுவார்கள்! “வெளியூரிலிருந்து வந்த சொல், அதற்கு விதி விலக்கு” என்று சொன்னால், வெளியூரில் வாழ்கிற நம் பிள்ளைக்குப் புரியாதா என்ன?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே இங்கிலீஷ் எழுத்தில் உச்சரிப்பு போட்ட புஸ்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கென்றே தயாரித்தது என்று விளம்பரம் வேறு. கண் எப்போதும் தெரிந்த எழுத்துக்குத்தான் ஓடும். அந்த வரி இருக்கும் வரை பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. உச்சரிப்பு வேண்டுமானால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

கிடைக்கிற நல்ல சரக்கு

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது வியாபார தர்மமல்ல. இன்று நமக்குக் கிடைக்கிற வசதிகள் முன்னே இல்லாதவை. தமிழ்நாடு அரசு 2018-இல் புதிதாகக் கொண்டுவந்த ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புஸ்தகத்தை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். படமும் வண்ணமும் கடைப் புஸ்தகங்களைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கு வருகிற, தெருவெல்லாம் தமிழ்ப் பலகை பார்க்கிற பிள்ளைக்காக எழுதியது. வாரம் ஒரு மணி நேரக்காரர்கள் அதை அப்படியே பின்பற்றினால் பாதியில் மூச்சு வாங்கும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் ஏணிப்படி ஏறுவது போல முன்னேறினார்கள். ஆந்திரத்தில் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறை அதற்கு முன்னோடி. அட்டைகளின் எண்ணிக்கையில் ஆசிரியர்கள் திணறினார்கள் என்ற குறை உண்டு. ஆனாலும் ஐந்து வயதும் பத்து வயதும் ஒரே அறையில் உட்காரும் நம் ஞாயிறு வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பித்தது. வயதைப் பார்க்காதே, எட்டிய படியைப் பார் என்பதே இரண்டின் சாரம்.

2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனம் வெளியிடங்களில் வாழும் தமிழருக்காகப் பாடங்கள் தருகிறது. அதன் வழியாக 2022-இல் தமிழ்ப் பரப்புரைக் கழகமும் ஏற்பட்டது. எழுத்து படிந்த பிறகு வாசிக்கக் கதைகள் வேண்டுமே என்றால், சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழோடு இங்கிலீஷும் சேர்த்துப் படக்கதைகள் போடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்தக் கதைகளிலும் சில இடங்களில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. என்றாலும் பிள்ளை ஒரு கதையை முழுசாக வாசித்து முடிக்கிற சந்தோஷத்தை அரிச்சுவடி ஒருபோதும் தராது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாட்டில் சுவரும் பஸ்ஸும் சினிமா போஸ்டரும் பிள்ளைக்கு வாத்தியார். நமக்கு அந்தச் சுவர் இல்லை. ஆகவே சமையலறையைச் சுவராக்கிக்கொள்ளலாம். உப்பு, புளி, கடுகு, பருப்பு, சீனி என்று டப்பாக்களில் தமிழில் ஒட்டி, எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மிளகு டப்பா மட்டும் பிறகு வரட்டும். அது வாயில் ‘மொளகு’ அல்லவா! தினசரி கிழிக்கிற காலண்டர், ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகை எல்லாம் பாடபுஸ்தகமே.

பரிசு எதற்கு?

கடைசியாக நம் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுவிழாவில் குறள் ஒப்பிக்கும் போட்டி வைக்கிறோம். பிள்ளைகள் பத்தும் இருபதுமாக ஒப்பிக்கிறார்கள், கைதட்டுகிறோம். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அந்தப் பிள்ளை கையில் வைத்திருக்கிற காகிதத்தில் குறள் ஹிந்தி எழுத்திலோ இங்கிலீஷ் எழுத்திலோ இருக்கிறது. மனப்பாடம் நல்லதுதான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் காதால் கேட்டு நெஞ்சில் நிற்க வேண்டியவைதான். ஆனால் ஒப்பித்தல் வாசிப்பாகாது. முன்பின் பார்த்திராத ஐந்து வரியை வாசித்துப் பொருள் சொல்லும் பிள்ளைக்கும் அதே மேடையில் அதே வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் வகுப்பே மாறிவிடும்.

கூடவே, பெல் பாதிரியார் எழும்பூரில் கண்ட உத்தியையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று வைத்தால், ஆசிரியர் தட்டுப்பாடும் தீரும், வயது வந்ததும் வகுப்பை விட்டு நழுவுகிற பெரிய பிள்ளைகளும் நிற்பார்கள். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதவைக்க எந்தப் பதிப்பகத்தையும் கேட்க வேண்டியதில்லை.

நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் உவமை சொன்ன நன்னூலார், கூடவே நிறைகோலையும் சொன்னார். தராசு பிடித்தே வயிறு வளர்த்த எனக்கு அந்த உவமையில் தனிப் பிரியம். பிள்ளையின் பேச்சை ஒரு தட்டிலும் ஏட்டுத் தமிழை மறு தட்டிலும் வைத்து, முள் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வகுப்பு ஆசிரியர் வேலை. நம் தலைமுறை வெளியூரில் வீடு கட்டியது, கடை வைத்தது, கோயில் எழுப்பியது. அந்தக் கோயில் கல்வெட்டில் நம் பெயரைத் தமிழில் பொறித்திருக்கிறோம். அதை எழுத்துக் கூட்டி வாசிக்க நம் வீட்டில் ஒரு பிள்ளையாவது வேண்டும். அதற்கான அரிச்சுவடியைத் தமிழ்நாட்டிலிருந்து யாராவது அச்சடித்து அனுப்பட்டும் என்று காத்திராமல், நாலு சங்கங்கள் சேர்ந்து நாமே ஒன்று தயாரிப்போம். முதல் பக்கத்தில் இட்லி இருக்கட்டும்.